பால் ஊற்றிய ஓட்டை

இராமையா லெட்சுமிக்குத் தரவேண்டியது நூற்றெண்பத்தேழு வெள்ளி ஐம்பது காசு. சீட்டு கிடையாது, சாட்சி கிடையாது. வாங்கினவனுக்கும் கொடுத்தவளுக்கும் மட்டும் தெரிந்த கணக்கு. கொடுத்தவள் மாசி மாதம் செத்துப் போனாள். பிள்ளை குட்டி இல்லாதவள், வந்து கேட்க ஆளில்லை. மண்ணைத் தள்ளி மூடிவிட்டு வந்த அன்றைக்கு அவன் இரண்டு வேளைச் சோற்றை ஒரே வேளையில் தின்றுவிட்டுக் காலை நீட்டிப் படுத்தான். பாரம் இறங்கினால் தூக்கம் நன்றாகத்தான் வரும்.

ஈ வந்தது அதற்கப்புறம்.

முதல் ஈயை ஒரு மத்தியானம் பார்த்தான். ரப்பர் மரம் சீவி, எடுத்த பாலைத் தோட்டத்து ஸ்டோரில் ஊற்றிவிட்டு, பத்தாங் காலியில் தாமான் என்கிற குடியிருப்பில் இருக்கும் தன் வீட்டுக்கு மோட்டார் சைக்கிளில் திரும்பி, உடம்பில் காய்ந்து ஒட்டின பால் நாற்றத்தைக் கழுவலாம் என்று குளியலறைக் கதவைத் திறந்தபோது, எதிர்ச் சுவரில் அவன் கண்ணுக்கு நேர் உயரத்தில் ஒன்று உட்கார்ந்திருந்தது. எள்ளைவிடக் கொஞ்சம் பெரிசு. சாம்பல் நிறம். உடம்பெல்லாம் பொடி மயிர். இறக்கை இரண்டும் சேர்ந்து ஒரு சின்ன வெற்றிலையைக் கவிழ்த்து வைத்த மாதிரி இருந்தது. தண்ணீரை அள்ளி அடித்தான். நனைந்தது, பறக்கவில்லை. கட்டைவிரலால் நசுக்கினான். ரத்தம் இல்லை. வெள்ளைச் சுவரில் திருநீறு இழுத்த மாதிரி ஒரு சாம்பல் கோடு மட்டும் நின்றது.

மறுநாள் அந்தக் கோட்டைச் சுற்றி ஏழெட்டு உட்கார்ந்திருந்தன. எல்லாமே ஒரே பக்கம் தலையை வைத்து. கதவுப் பக்கம்.

அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்து வளர்ந்தவனுக்கு ஈ என்ன, கொசு என்ன. கவனிக்க வைத்தது கலாவதிதான்.

கலாவதி அவன் மனைவி. தலைப்பிரசவத்துக்கு உலு யாமில் தாய் வீட்டுக்குப் போனவள், தீட்டுக் கழித்து, குழந்தையோடு அண்ணன் காரில் வந்து இறங்கினாள். இராமையா வீட்டைப் பெருக்கி, சாமி படத்துக்குப் பூ வைத்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துக்கொண்டு நின்றான். மகளை அவன் அதுவரை கையில் வாங்கினது கிடையாது. ஆஸ்பத்திரியில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்தான், மாமியார் வீட்டில் மாமியார் மடியில் பார்த்தான். அவ்வளவுதான்.

"இருங்க, கால கழுவிட்டு வந்து தர்றேன்" என்று குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டே குளியலறைக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் அவள் குரல் வந்தது. "இங்க வாங்க."

போனான். சுவரெல்லாம் எள்ளை வாரி இறைத்த மாதிரி இருந்தது. குழந்தையின் மேலுதட்டில் ஒன்று. மூக்கு ஓட்டையின் விளிம்பில் இன்னொன்று, உள்ளே போகலாமா வேண்டாமா என்று யோசிக்கிற மாதிரி நின்றது. கலாவதி ஊதினாள். அது வெளியே வரவில்லை. உள்ளே போனது.

குழந்தை மூச்சு அடைத்து, முகம் கறுத்து, தும்மி, பிறகு அலறியது.

"பொம்பள இல்லன்னா வீட்ட மாட்டுக் கொட்டாயா ஆக்கிருவீங்களா?"

"பொடி ஈ லா, கலா. மழ நாளு..."

"மழ இந்த வீட்டுல மட்டும்தான் பெய்யிதா? பக்கத்து வீட்டு மலாய்க்காரம்மா குளியலறையில ஒன்னு காட்டுங்க பாப்போம்."

அவள் அண்ணன் காரை விட்டு இறங்காமலே சிரித்தார். "ஈய வெரட்டத் தெரியல, நீ எங்க மச்சான் புள்ளய காப்பாத்தப் போற?"

கலாவதி செருப்பை மாட்டிக்கொண்டாள். "எங்கேருந்து வருதுன்னு கண்டுபிடிங்க. அடைங்க. அப்புறம் கூப்பிடுங்க, வர்றேன். எங்கம்மா வீட்டுல எலி இருக்கு. இருந்துட்டுப் போவட்டும், எலி எம்புள்ள மூக்குக்குள்ள போவாது."

கார் திரும்பிப் போனது. கழுவித் துடைத்த கை காலியாகத் தொங்கியது.

அன்றைக்கே தேடத் தொடங்கினான். சிமெண்டுத் தொட்டியில் இருந்த தண்ணீரை எல்லாம் இறைத்துக் கொட்டி, பாசியைத் தேங்காய் நாரால் தேய்த்தான். சோப்புப் பெட்டியைக் கவிழ்த்தான். ஆணியில் மாட்டியிருந்த வெள்ளை ரப்பர் கையுறை இரண்டையும் எடுத்து உதறினான். கலாவதி ரவாங்கில் கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தபோது, கழித்துப் போட்ட ஜோடி ஒன்றைக் குளியலறை கழுவ எடுத்து வந்தாள். வரிசையாகப் பீங்கான் கைகளைத் தொங்கவிட்டுப் பாலில் முக்கி எடுப்பார்களாம், காய்ந்ததும் தோலை உரிக்கிற மாதிரி உருவுவார்களாம். "கை இருந்தாத்தான் கையுறை" என்று அவள் அப்போது விரலை விரித்துக் காட்டிச் சொன்னாள். "சும்மா ஊத்துனா பால் கையா ஆயிருமா?"

கையுறைக்குள் ஒன்றும் இல்லை.

மிச்சம் இருந்தது மூலையில் தண்ணீர் போகிற ஓட்டை. அதன் இரும்பு மூடியை நெம்பி எடுத்துக் குனிந்து பார்த்தான். இருட்டு. மூடியை எடுத்ததும் வந்த வாடை சாக்கடை வாடையாக இல்லை. காரமாக, கொஞ்சம் இனிப்பாக, ஊறிப் போன பாக்கு மாதிரி ஒரு வாடை. மூக்குக்குள் ஏறிக்கொண்டு இறங்க மறுத்தது.

அந்த வாடையை அவனுக்குத் தெரியும். யாருடையது என்று நினைக்கத்தான் மனசு இடம் கொடுக்கவில்லை. எழுந்து வெளியே போய், குழாய் முடிகிற இடத்தில் லோங்காங் சாக்கடையை எட்டிப் பார்த்தான். அந்த முனையில் ஒரு ஈ இல்லை. தண்ணீர் சுத்தமாக ஓடியது. உள் முனைக்கும் வெளி முனைக்கும் நடுவில், சிமெண்டுத் தரைக்கு அடியில், குழாய் மட்டும்தான். அவன் முஷ்டி நுழையாத குழாய். கிடத்தி வைத்த ஒரு ஆள் நீளம்.

அந்தக் குழாயை அவனேதான் புதைத்தான். தாமான் வீடு வாங்கினபோது பின்பக்கம் வெறும் தகரத் தடுப்பாக இருந்தது. பொதுக் குழாயில் வரிசை பிடித்துக் குளித்து வளர்ந்தவனுக்கு வீட்டுக்குள்ளேயே ஒரு குளியலறை வேண்டும் என்று ஆசை. சிமெண்டு, குழாய், தொட்டி, கதவு எல்லாவற்றுக்கும் இருநூறு வெள்ளி லெட்சுமியிடம் வாங்கினான். பன்னிரண்டு வெள்ளி ஐம்பது காசு ஒரு தடவை திருப்பிக் கொடுத்தான். அதோடு சரி.

லெட்சுமி அவன் மரம் சீவும் வரிசைக்கு அடுத்த வரிசைக்காரி. அவனைவிட மூத்தவள், தம்பி என்றுதான் கூப்பிடுவாள். எந்நேரமும் வாயில் வெற்றிலை. வலது கைச் சுண்டுவிரல் நரம்பை எப்போதோ சீவுகத்தி அறுத்துவிட்டதால் அது மட்டும் மடங்காது, மற்ற விரலெல்லாம் மடங்கினாலும் தனியாகக் குச்சி மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும். வெள்ளித் தாளைப் பாக்களவுக்கு மடித்து முந்தானையில் முடிந்து வைப்பாள். வட்டி கேட்க மாட்டாள். முதலை மட்டும் விடமாட்டாள்.

வயிற்று வலி வந்து, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று சம்பளத்துக்குச் சம்பளம் கேட்டாள். அடுத்த சம்பளம், அடுத்த சம்பளம் என்று இவன் தள்ளினான். கடைசியாக ஒரு மழை நாளில் இந்த வீட்டுக்கே வந்தாள். சேற்றுக் காலோடு இந்தக் குளியலறையில் நின்று, தொட்டித் தண்ணீரை அள்ளிக் காலைக் கழுவி, வாயைக் கொப்பளித்து மூலை ஓட்டையில் துப்பினாள். பிறகு இரண்டு கையையும் சேர்த்து ஏந்தி அவன் முன்னால் நீட்டினாள். விளையாட்டுக்கு இல்லை.

"இருந்தா குடுக்க மாட்டனா அக்கா? இப்படி வீடு தேடி வந்து நிக்கிறியே, செத்தா தூக்கிட்டா போவப்போற?"

அவள் ஏந்தின கையை எடுக்கவில்லை. "தூக்கிட்டுப் போவ மாட்டேன் தம்பி. வாங்கிட்டுப் போவேன்."

அதற்குப் பிறகு அவளை அவன் உயிரோடு பார்க்கவில்லை. பேர் கூப்பிடும் நேரத்துக்கு அவள் வராமல் போய், தோட்டத்து மேஸ்திரியான மண்டோர் லயத்துக் கதவை உடைத்தபோது, தூக்கப் போன நான்கு பேரில் இவனும் ஒருவன். தலைமாட்டுப் பக்கம் இவனுக்கு வாய்த்தது. அவள் வாயோரத்தில் பொடி ஈக்கள் போவதும் வருவதுமாக இருந்தன. வேலைக்குப் போகிறவர்கள் மாதிரி. அவசரம் இல்லாமல்.

ஓட்டையைத் திறந்து பார்த்த மறுநாள் ஸ்டோரில் பால் வாளியைக் கழுவிக்கொண்டே தனபாலனிடம் ஈயைப் பற்றி மட்டும் சொன்னான். தனபாலன் கூட வேலை செய்கிறவன், வாயை மூடத் தெரியாதவன்.

"பொடி ஈயா? லெட்சுமியக்கா வீட்டுல மொய்ச்சிச்சே, அது மாதிரியா?"

"ஈயில என்னாடா அவ ஈ, இவ ஈ?"

"ஏன்டா கோவிக்கிற? ஒங்கிட்ட ஏதும் டுயிட், காசு பாக்கி வச்சிட்டுச் செத்தாளா?" என்று சிரித்தான். "அவளா வைப்பா! சீனன் கடையில அஞ்சு காசு கூடக் குடுத்துட்டான்னு கொட்டுற மழையில திரும்பி நடந்தவ. செத்தாலும் மீதிச் சில்லறைய குடுத்துட்டுத்தான் சாவா."

இராமையா வாளியைக் கவிழ்த்து வைத்தான். 

முதலில் நிச்சயம் பண்ணிக்கொள்ள வேண்டும் என்று நினைத்தான். உர மூட்டைக்குள் இருக்கும் பிளாஸ்டிக்கை வெட்டி, ஒரு பக்கம் பாலைத் தடவி, பிசுபிசுப்பு வரும்வரை நிழலில் வைத்தான். ஒன்றை ஜன்னலில் ஒட்டினான். ஒன்றைத் தொட்டிக்கு அடியில் இருந்த சந்தில். மூன்றாவதை மூலை ஓட்டையின் மேல், பால் தடவின பக்கம் கீழே பார்க்க, நான்கு பக்கமும் கல் வைத்து மூடினான். எது எங்கேயிருந்து புறப்படுகிறதோ அங்கே ஒட்டிக்கொள்ளும். ஈக்குப் பொய் சொல்லத் தெரியாது.

வேலைக்குப் புறப்படும் முன், விடியாத நேரத்தில், டார்ச்சு லைட்டோடு போய்ப் பார்த்தான். ஜன்னலில் ஒன்றும் இல்லை. சந்தில் ஒன்றும் இல்லை. மூலைப் பிளாஸ்டிக்கைக் கல்லை நகர்த்தி உரித்துத் திருப்பினான். கறுப்பாக இருந்தது. ஒன்றோடொன்று நெருக்கி, இடைவெளி இல்லாமல், பாதி செத்தும் பாதி உயிரோடும், இறக்கையை மட்டும் அசைத்துக்கொண்டு. சட்டிக்குள் கடுகு நகர்கிற மாதிரி மெல்லிய சத்தம் கேட்டது.

நடுவில் மட்டும் ஈ இல்லை. அங்கே பிளாஸ்டிக் மேல்பக்கமாகப் புடைத்திருந்தது. கீழேயிருந்து ஏதோ முட்டிப் பார்த்த மாதிரி. ஒரு குழி. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. விரல் நுனி அளவு.

காற்றாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டான். வாய்விட்டே சொன்னான். ஓட்டைக்கு அது கேட்டிருக்கும் என்று தோன்றினதும் வாயை மூடிக்கொண்டான்.

கொதிக்கும் தண்ணீரை ஊற்றினான். மண்ணெண்ணெய் ஊற்றினான். ஒரு நாள் அடங்கின. அடுத்த நாள் இரண்டு பங்காக வந்தன, சுவரை விட்டுக் கூரையில் ஏறின, குளியலறைக் கதவின் மேல் சந்து வழியாகச் சமையல்கட்டுக்கு வந்து, மூடி வைத்த சோற்றின் மேல் உட்கார்ந்தன. எங்கே உட்கார்ந்தாலும் அவன் இருக்கும் பக்கம் தலையை வைத்தே உட்கார்ந்தன. அவன் நகர்ந்தால் கொஞ்ச நேரம் கழித்து அவையும் திரும்பின.

அப்போதுதான் பாலை ஊற்றுவது என்று முடிவு செய்தான். பால் வடிய மரத்தில் கட்டின மங்குக் கிண்ணத்தில் மிச்சப் பால் உறைந்துவிட்டால், கட்டியைப் பிடித்து இழுக்கும்போது, மங்கில் இருக்கும் எறும்பு, தூசி, மரப்பட்டை எல்லாவற்றையும் அது வாரிக்கொண்டு வரும். மங்கு பளிச்சென்று ஆகிவிடும். குழாயையும் அப்படிச் சுத்தம் பண்ணலாம். முட்டை, புழு, ஈ எல்லாம் கட்டியோடு வெளியே வரும். மரம் சீவுகிறவனுக்குத்தான் இந்த யோசனை வரும். வந்திருக்கக் கூடாது.

மண்டோர் கண்ணுக்குப் படாமல் இரண்டு டின் பாலும் ஒரு சின்னப் போத்தலில் பாலை உறைய வைக்கும் ஆசிட்டும் கொண்டு வந்தான். வரும் வழியில் சீனன் கடைப் போனில் மாமியார் வீட்டுக்குச் சொன்னான். "நாளைக்குச் சாயங்காலம் கலாவ கூட்டிட்டு வாங்க. ஈ இருக்காது."

மழை கட்டிக்கொண்டு நின்ற சாயங்காலம். வெளி முனையைத் துணியும் மண்ணும் வைத்து அடைத்தான். ஆசிட்டைக் கலந்த பாலை உள் ஓட்டையில் ஊற்றத் தொடங்கினான். வெள்ளையாக, கனமாக, சத்தமில்லாமல் இறங்கியது. ஒரு டின் நிறையவே போதும், கணக்குப் போட்டுத்தான் வைத்திருந்தான். ஒரு டின் முடிந்தது. பால் மேலே வரவில்லை. இரண்டாவது டின்னைச் சாய்த்தான். அதுவும் போனது. வெளியே ஓடிப் பார்த்தான், துணி காய்ந்து கிடந்தது, ஒரு சொட்டு ஒழுகவில்லை. திரும்பி வந்து ஓட்டையில் காதை வைத்தான்.

அடியில் மடக் மடக் என்று சத்தம்.

நின்றது.

பிறகு பால் தானாக மேலே ஏறி வந்து விளிம்பில் நின்றது. இவ்வளவு போதும் என்கிற மாதிரி. கொக்கி போட்ட கம்பி ஒன்றை அதில் இறக்கி, கதவை வெளியே தாழ்ப்பாள் போட்டான்.

மறுநாள் வேலை முடிந்து வரும்போது மழை ஊற்றியது. மத்தியானமே விளக்கு வைக்கிற நேரம் மாதிரி இருட்டி, மின்சாரமும் போயிருந்தது. குளியலறையில் ஜன்னல் வெளிச்சம் சாம்பலாக விழுந்தது. சுவரில் ஒரு ஈ இல்லை. கூரையில் இல்லை. பால் நன்றாக உறைந்து, மூலையில் வெள்ளை வட்டமாக இருந்தது. அவனுக்குச் சிரிப்பு வந்தது. கம்பியைப் பிடித்து, காலைச் சுவரில் ஊன்றி, இழுத்தான்.

வந்தது. பாம்பு மாதிரி வழுவழு என்று, சாம்பல் புள்ளி ஒட்டி, கயிறாக நீண்டு வந்தது. கையளவு, முழத்தளவு. நடுவில் பிடித்துக்கொண்டது. இழுத்தான். கயிறு மெலிந்து நீண்டது. விட்டால் சுருங்கியது. விடாமல் இழுத்தான்.

கீழே அதுவும் இழுத்தது.

ஒரு தடவைதான். மீன் தூண்டிலை வெட்டுகிற மாதிரி. பிறகு விட்டுவிட்டது. அவன் பின்னால் சாய்ந்து தொட்டியில் முதுகை மோதிக்கொண்டான். ஓட்டையிலிருந்து மிச்சமும் பிதுங்கி வெளியே வந்து தரையில் விழுந்து, மெல்ல விரிந்து, தன் உருவத்துக்கு வந்தது.

இரண்டு கை.

மணிக்கட்டு வரைக்கும். உள்ளே வெறுங்கூடு. சதை இல்லை, எலும்பு இல்லை, பால் தோல் மட்டும். உள்ளங்கையில் ரேகை இருந்தது. நகம் இருந்தது. இரண்டும் சேர்ந்து ஏந்தியிருந்தன. வலது சுண்டுவிரல் மட்டும் மடங்காமல் நீட்டிக்கொண்டு நின்றது.

கை இருந்தாத்தான் கையுறை.

ஏந்தின குழிக்குள் ஏதோ கறுப்பாக நிறைந்திருந்தது. அது அசைந்தது. தலையைத் தூக்கியது. ஆயிரம் தலை. எல்லாம் அவன் பக்கம்.

அவன் கத்தினானா என்று அவனுக்கே தெரியாது. படுக்கையறையில் நின்றுகொண்டிருந்தான். அலமாரியில் பால்மாவு டின். மகளுக்கு அரைஞாண் வாங்கச் சேர்த்த பணம். ஐம்பது வெள்ளித் தாள் மூன்று, இருபது வெள்ளித் தாள் இரண்டு. நூற்றுத்தொண்ணூறு. சில்லறை இல்லை. சில்லறை தேட நேரமும் இல்லை. கலாவதி வந்துவிடுவாள். அவள் முதலில் போவது அங்கேதான். குழந்தையோடு.

திரும்பிப் போனான். முகத்தைத் திருப்பிக்கொண்டு, தாள்களை அந்தக் குழிக்குள் வைத்தான். ஈக்கள் விலகி இடம் கொடுத்தன.

"அக்கா. இந்தா. எம்புள்ள வருது அக்கா. வாங்கிட்டுப் போயிரு."

கதவைச் சாத்தினான். முதுகைக் கொடுத்து அதை அமுக்கிக்கொண்டு நின்றான். உள்ளே ஈரத் தரையில் ரப்பர் இழுபடும் சத்தம். மெதுவாக. பிறகு தாளை மடிக்கும் சத்தம். ஒன்று. இன்னொன்று. ரொம்ப நிதானமாக. பிறகு ஓட்டை, சளியை விழுங்குகிற மாதிரி, ஒரு தடவை விழுங்கியது.

மழை மட்டும் பெய்தது.

எவ்வளவு நேரம் நின்றான் என்று தெரியவில்லை. வாசலில் கார் ஹார்ன் அடித்தபோதுதான் கதவைக் கொஞ்சம் திறந்து பார்த்தான். காலியாக இருந்தது. கை இல்லை. தாள் இல்லை. கயிறாக வந்த ரப்பர்கூட இல்லை. தரை கழுவி விட்ட மாதிரி பளபளத்தது. ஈ ஒன்று கிடையாது.

போய்விட்டாள். வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

 வாசலுக்கு ஓடினான். மச்சான் சிகரெட் வாங்கி வருகிறேன் என்று காரைத் திருப்பிக்கொண்டு போனார். கலாவதி குடையை மடக்கினாள். "சத்தியமா இல்லையா?"

"போயி பாரு. ஒன்னு இருந்தா என்னைய செருப்பால அடி."

"அடிப்பேன்." சிரித்தாள். "இந்தாங்க, புள்ளய புடிங்க. தலைய தாங்கிப் புடிங்க. கால கழுவிட்டு வந்துர்றேன்."

மகள் அவன் கைக்கு வந்தாள். சூடாக, லேசாக, பவுடர் வாசத்தோடு. கண்ணை மூடித் தூங்கினாள். அவன் மூச்சை அடக்கிக்கொண்டு அவள் மூக்கைப் பார்த்தான். சுத்தமாக இருந்தது. அவனுக்கு அழுகை வந்தது.

உள்ளே கலாவதி குரல். "ஆமாங்க, ஒன்னுகூட இல்லையே!"

தொட்டித் தண்ணீரை அள்ளி ஊற்றும் சத்தம். இரண்டாவது தடவை. வாய் கொப்பளிக்கும் சத்தம்.

துப்பும் சத்தம்.

"கலா?"

குழந்தையோடு குளியலறைப் பக்கம் ஓர் அடி வைத்தான்.

வாடை வந்தது. காரமாக, கொஞ்சம் இனிப்பாக. ஊறின பாக்கு. கலாவதி வெற்றிலை போடுகிறவள் இல்லை.

"கலா, வெளிய வா."

கதவு திறந்தது. கலாவதிதான். அவள் சேலை, அவள் முகம். பாதத்திலிருந்து தண்ணீர் சொட்டியது. இரண்டு கையையும் சேர்த்து ஏந்திக்கொண்டு, ஒவ்வொரு அடியாக அவன் முன்னால் வந்து நின்றாள். உள்ளங்கையில் பாக்களவுக்கு மடித்த ஒற்றை வெள்ளித் தாள்கள் இரண்டு. ஈரமாக. பக்கத்தில் ஐம்பது காசு. அவளுடைய வலது சுண்டுவிரல் மட்டும் மடங்காமல் நீட்டிக்கொண்டு நின்றது.

"மீதி" என்றாள். "எண்ணிப் பாத்துக்க, தம்பி."

அவனால் கையை நீட்ட முடியவில்லை. கையில் குழந்தை இருந்தது. அவள் காசைக் குழந்தையின் வயிற்றின் மேல் வைத்தாள். ஒவ்வொன்றாக.

"ஒன் கணக்கு தீந்துச்சு."

அவள் வாய் மூடிக்கொள்ளவில்லை. உதட்டோரத்தில் எள்ளைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒன்று எட்டிப் பார்த்தது. அவசரம் இல்லாமல் வெளியே வந்து, வெற்றிலை மாதிரி இறக்கையைக் கவிழ்த்துக்கொண்டு, அவள் கன்னத்தில் உட்கார்ந்தது. பின்னால் இன்னொன்று. அதன் பின்னால் வரிசையாக.

இந்தத் தடவை அவை இராமையாவைப் பார்க்கவில்லை. எல்லாம் ஒன்றாகத் தலையைத் திருப்பி, குழந்தையைப் பார்த்தன.